குயில் பாட்டு: அந்தப் பாட்டில் உண்மையான பேய் எது?

கேள்வி (ஒரு வாசகர்), 3 ஜூலை, காலை 9.10

பாரதியின் குயில் பாட்டை ரொம்ப நாள் கழித்து மறுபடி படித்தேன். பேசும் குயில், அதைக் காதலிக்கும் குரங்கு, மாடு, முற்பிறப்பு, முனிவர், பேய்கள், கடைசியில் பார்த்தால் கனவு. ஜீவாத்மா பரமாத்மா விளக்கமெல்லாம் கல்லூரியிலேயே கேட்டு அலுத்துவிட்டது. அதை விட்டுவிட்டு யாராவது சொல்லுங்கள்: இதில் படிமம் எங்கே முடிகிறது, அமானுஷ்யம் எங்கே ஆரம்பிக்கிறது?

3 ஜூலை, பகல் 1.25

ஆண்டாளை வைத்துப் பார்த்தால் எளிதில் பிடிபடும் என்று நினைக்கிறேன். வாரணமாயிரத்தில் 'கனாக் கண்டேன் தோழீ நான்' என்று பாட்டுக்குப் பாட்டு சொல்லிவிடுகிறாள். கனவு என்று தெரிந்தேதான் கல்யாணத்துக்குப் போகிறோம். பாரதி அப்படிச் செய்யவில்லை. மாஞ்சோலைக்கு நாலு நாள் நம்மை நடக்கவைத்து, குயிலைக் கையில் ஏந்தி முத்தமிடவைத்து, அது பெண்ணாக மாறிய அடுத்த நிமிஷம் சோலையோடு சேர்த்து எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறார். கண்ணைத் திறந்தால்:

'சூழ்ந்திருக்கும் பண்டைச் சுவடி, எழுதுகோல்,
பத்திரிகைக் கூட்டம், பழம்பாய்'

அந்தப் பழம்பாய்தான் என்னை அடித்தது. நாலு நாள் நடந்தவன் பாயை விட்டே எழவில்லை. கனவு என்பதைக் கடைசி வரை ஒளித்துவைத்ததால்தான் அந்த இடம் தூக்கிப்போடுகிறது.

3 ஜூலை, இரவு 11.05

தூக்கம் வரவில்லை. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். வாள்.

இரண்டாம் நாள் சோலைக்குப் போகிறவன் புதுச்சேரியில் குடியிருக்கும் ஒரு கவிஞன். குயில் ஒரு குரங்கிடம் காதல் வசனம் பேசுவதை ஒளிந்திருந்து பார்க்கிறான். ஆத்திரத்தில் குரங்கின் மேல் வாளை வீசுகிறான். குரங்கு முகத்தைச் சுளித்துவிட்டுத் தாவி மறைகிறது.

வாளா? ஏதுங்க வாள்? பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் காலையில் காற்று வாங்கப் போகிறவன் இடுப்பில் வாள் எதற்கு? முதல் தடவை படித்தபோது இது எனக்கு உறைக்கவே இல்லை. கனவில் நமக்கு உறைக்காதே, அது மாதிரி. ஒன்பதாம் பகுதியில் குயில் தன் பழைய பிறவியைச் சொல்லும்போதுதான் கணக்கு நேராகிறது. இவன் சேரமானின் மகன். அவள் வேடர் தலைவன் மகள் சின்னக்குயிலி. மாடன், நெட்டைக் குரங்கன் என்ற இருவர் இவனை வெட்டுகிறார்கள், இவன் அவர்களை வெட்டிச் சாய்க்கிறான். அந்தப் பிறவியில் குறி தப்பாத வாள், காரணம் எதுவும் சொல்லாமல், இந்தப் பிறவிக்கு வந்து குறி தப்புகிறது. இதுவரை எழுதியதில் இது ஒன்றைத்தான் நிச்சயமாகச் சொல்வேன்.

5 ஜூலை, காலை 7.40

முதல் குறிப்பில் எழுதியது தப்பு. முழுத் தப்பு. கேள்வி கேட்டவரே பாட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டு மானத்தை வாங்கிவிட்டார். 'கனவு என்பதைக் கடைசி வரை ஒளித்துவைத்தார்' என்று நான் எழுதியிருந்தேன் அல்லவா? முதல் பகுதியிலேயே இருக்கிறது:

'பட்டப் பகலிலே பாவலர்க்குத் தோன்றுவதாம்
நெட்டைக் கனவின் நிகழ்ச்சியிலே'

இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது? இருபது வருஷமாக இந்தப் பாட்டைப் படிக்கிறேன், இந்த இரண்டு வரியை ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போயிருக்கிறேன். ஆக, ஆண்டாள் மாதிரியே இவரும் முதலிலேயே சொல்லிவிட்டார். நாம்தான் மறந்துவிடுகிறோம்.

அந்த மறதியும் அவர் ஏற்பாடு செய்ததுதானோ என்று இப்போது சந்தேகம். ஏனென்றால் அந்த இரண்டு வரிக்கு முன்னால் பத்து வரிக்குக் கடல், திரை, 'செந்தமிழ்த் தென்புதுவை', ஊருக்கு மேற்கே மாஞ்சோலை, அங்கே பறவை சுட வரும் வேடர்கள், அன்றைக்குத் திருநாள் என்பதால் வேடர் வரவில்லை என்று முகவரி எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டே போகிறார். முகவரியைப் படித்துக்கொண்டிருக்கிறவன் காதில் 'கனவு' என்ற சொல் எப்படி விழும்?

5 ஜூலை, காலை 7.52

பட்டப்பகல் என்கிறாரா? சரி. கடைசியில் விழித்ததும் என்ன சொல்கிறார்? சோலை, குயில், காதல் எல்லாம் 'மாலை யழகின் மயக்கத்தால்' உள்ளத்தில் தோன்றியவை என்கிறார்.

ஆரம்பத்தில் பகல் கனவு. முடிவில் மாலை மயக்கம். நடுவில் அவன் சோலைக்குப் போனதெல்லாம் காலை வேளை. இதில் எதை நம்புவது?

6 ஜூலை

நெட்டைக் கனவு. நெட்டைக் குரங்கன். சும்மா சொல்லிவைத்தேன்.

9 ஜூலை, இரவு 9.30

நான் வில்லியனூர்க்காரன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். புதுச்சேரிக்கு நேர் மேற்கே இருக்கிறது எங்கள் ஊர். 'மேற்கே சிறுதொலைவில் மேவுமொரு மாஞ்சோலை' என்று பாட்டில் இருப்பதால் அந்தச் சோலை எங்கள் பக்கத்துச் சோலை என்று சின்ன வயதில் சத்தியமே செய்வேன். ஆனால் ஊரில் குயில் தோப்பு என்று காட்டுவது கருவடிக்குப்பத்தை. அது வடமேற்கு.

போன ஞாயிற்றுக்கிழமை ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீட்டிலிருந்து (இப்போது நினைவில்லம்) கருவடிக்குப்பம் வரை நடந்து பார்த்தேன். மூன்று மூன்றரை கிலோமீட்டர் இருக்கும், வெயிலில் ஒரு மணி நேரம் பிடித்தது. நாலாம் நாள் பகுதி கையில் இருந்தது. அந்தப் பகுதியை நடந்துகொண்டேதான் படிக்கவேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியம்.

அந்த இடம் இப்படி: மாடத்தில் குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறான். வானத்தில் ஒரு கரும்பறவை. நம்ம பொய்க்குயில்தானா? தூரம் அதிகம், உருவம் தெரியவில்லை. தெருவுக்கு இறங்கி வருகிறான். மேற்கே அது 'சோதிக் கடலிலே தோன்றுகரும் புள்ளி'யாக நிற்கிறது. கிட்டே போய்ப் பார்த்துவிடலாம் என்று வேகமாக நடக்கிறான்.

'யான்நின்றால் தான்நிற்கும், யான்சென்றால் தான்செல்லும்'

நன்றாகத் தெரியும்படி அருகில் மட்டும் வராது. அது வானத்தில் வழிகாட்ட, இவன் தரையில் போகிறான்.

நடக்கும்போது ஒன்று புரிந்தது. வானத்தில் ஏதாவது ஒரு பறவையைப் பார்த்தபடி நடந்து பாருங்கள். அன்றைக்கு ஒரு பருந்து கிடைத்தது, உயரத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. அது எவ்வளவோ தூரத்தில் இருப்பதால் நான் நடந்தாலும் அது என்னோடு வருகிற மாதிரியே இருந்தது. நின்றால் நின்றது. சின்ன வயதில் நிலாவும் பஸ்ஸோடு கூடவே வருமே, அதேதான். ஆக அந்த வரி மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. தெருவில் அண்ணாந்து பார்த்து நடக்கிற எவனுக்கும் நடப்பது. பாரதி அதை எடுத்து, 'நிற்கும்', 'செல்லும்' என்று பறவைக்கு ஒரு மனசு இருக்கிற மாதிரி எழுதிவிட்டார். அவ்வளவுதான், மயிர்க்கூச்செறிகிறது.

கேள்வி கேட்டவருக்கு இதுதான் என் பதில். படிமம் முடிந்து அமானுஷ்யம் ஆரம்பிக்கிற கோடு என்று ஒன்று இந்தப் பாட்டில் இல்லை. அங்கே வினைச்சொல் மட்டும் மாறுகிறது.

அப்புறம் அந்தச் 'சோதிக் கடல்'. பாட்டின் முதல் வரியில் நிஜக் கடல், இளம்பரிதியின் கதிர் பட்டு மின்னுகிறது. அது கிழக்கே. நாலாம் நாள் கடல் வானத்துக்கு ஏறி மேற்கே போய்விட்டது. இவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு கடலை நோக்கி நடக்கிறான். கருவடிக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு சோடாவும் கால் கொப்புளமும்.

10 ஜூலை

'வடமேற்கும் மேற்கில்தான் சேரும், வில்லியனூர்க்காரர் ரொம்ப இழுக்கவேண்டாம்' என்று கருவடிக்குப்பம் பக்கத்து அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. கனவில் திசை பார்த்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

14 ஜூலை, மாலை 6.15

குரங்குப் பகுதியைப் பற்றி யாரும் பேசவில்லையே, வெட்கமா?

எட்டாம் வகுப்பில் மனப்பாடப் போட்டிக்கு அப்பா எனக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். குயில் குரங்கைப் புகழ்கிறது. மனுஷன் எவ்வளவு முயன்றாலும் வானரத்துக்கு ஈடாவானா? மயிர் மூடாத உடம்பை உடையால் மூடிப் பார்க்கிறான், மீசையையும் தாடியையும் என்னவோ செய்து குரங்கு முகம் வருமா என்று பார்க்கிறான், கோபுரத்தில் ஏறத் தெரியாமல் ஏணி வைக்கிறான். எல்லாம் சரி, 'வாலுக்குப் போவதெங்கே?'

நான் மேடையில் இந்த வரிக்கு இடுப்பை ஆட்டிக் காட்டினேன். நடுவராக வந்தவர் இறக்கிவிட்டார். பாரதியார் பாட்டில் கேலி கூடாதாம். பரிசு வேறொருவனுக்கு, அவன் ஏதோ தேசபக்திப் பாட்டு. அப்பா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். அவருக்கு மட்டும் புரிந்த நகைச்சுவை என்னவென்று எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது. 'பாகையிலே வாலிருக்கப் பார்த்ததுண்டு' என்று அடுத்து வருகிறது. தலைப்பாகையில் தொங்கும் துணி வால் அது. தமிழ்நாட்டில் யார் படத்தைப் பார்த்தால் முதலில் மீசையும் தலைப்பாகையும் தெரியும்? குயில் வாயால் தன்னையே குத்திக்கொள்கிறார் மனுஷன்.

மூன்றாம் நாள் அதே குயில் கிழட்டு மாடு ஒன்றைப் பார்த்து 'நந்தியே!' என்று ஆரம்பித்து மன்மதனே ரேஞ்சுக்குப் போகும். முதல் நாள் இவனிடம் உருகிய அதே பாணி. கேட்கிறவன் ஆளுக்கு ஆள் மாறுகிறான், மயக்கம் மாறவில்லை. இதில் வயிறெரிகிறவன் யார் என்று பார்த்தால், முதல் நாள் அதே மயக்கத்தில் 'மனிதவுரு நீங்கிக் குயிலுருவம் வாராதோ' என்று ஏங்கினவன். தான் பறவையாகலாம், ஆனால் குரங்கு மட்டும் அவள் பக்கத்தில் உட்காரக் கூடாது.

14 ஜூலை, இரவு 10.50

இப்போது பேய்களுக்கு வருகிறேன்.

குரங்கும் மாடும் சும்மா குரங்கும் மாடும் இல்லை என்று ஒன்பதாம் பகுதியில் சொல்லப்படுகிறது. செத்துப்போன மாடனும் குரங்கனும் பேயாகிக் காடுமலை சுற்றி, மறுபடி பிறந்த அவளைக் கண்டுபிடித்து, அவள் பழையபடி மன்னன் மகனையே சேர்ந்துவிடுவாள் என்று சூழ்ச்சி செய்து, அவளைக் குயிலாக்கி, போகுமிடமெல்லாம் கூடவே சுற்றுகிறார்களாம். நல்ல கிராமத்துப் பேய்க்கதை. எங்கள் ஊர் ஐயனார் கோயில் திண்ணையில் சொல்லலாம், ஒருத்தனும் எழுந்து போகமாட்டான். மாடன் என்ற பேர் தெக்கத்திக்காரர்களுக்குச் சாமி பேர், பாரதி எட்டயபுரத்துக்காரர் என்பதை மறக்கவேண்டாம்.

ஆனால் இதை நமக்கு யார் சொல்கிறார்கள்? பொதிய மலை முனிவர் குயிலுக்குச் சொன்னார். குயில் இவனுக்குச் சொன்னது. இவன் நமக்குச் சொல்கிறான். இவன் சொல்வதோ கனவு. நாலு வாய் மாறி வந்த சேதி. அதிலும் நடுவில் இருக்கும் குயில், 'பொய்க்குயில்' என்று இவனே நூறு தடவை திட்டின குயில். குரங்கோடு கொஞ்சியதற்குச் சாக்கு கேட்டால் 'அது பேய், போன ஜன்மத்து விவகாரம்' என்கிறது. இதைவிடப் பெரிய சாக்கை எந்தப் புருஷனும் எந்தப் பெண்டாட்டியும் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

15 ஜூலை, காலை

ராத்திரி கொஞ்சம் ஓவராகப் போய்விட்டேன். குயில் சொல்வது சாக்கு என்று வைத்துக்கொண்டால் அடுத்த இடம் கெட்டுவிடும். கதை முழுக்கச் சொல்லிவிட்டு, ஏற்றுக்கொள், இல்லையென்றால் உன் கையாலேயே கொன்றுவிடு என்று அது இவன் கையில் வந்து விழுகிறது. இவன் உடனே கேட்பது: 'பெண்ணென்றால் பேயும் இரங்காதோ?'

பேய் செய்த மாயத்தை மனுஷனும் தொடர்ந்து செய்வதா என்கிறான். அது உண்மையா பொய்யா என்று விசாரிக்கவில்லை, சாட்சி கேட்கவில்லை. நேற்று நான் கேட்ட கேள்வியெல்லாம் வக்கீல் கேள்வி. அவன் அதைக் கேட்காததால்தான் முத்தமிட முடிந்தது. சாக்கு என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாலு வாய் கணக்கு மட்டும் இருக்கட்டும், அது சரிதான்.

20 ஜூலை

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் 'கடைசி மூன்று வரியை வைத்துப் பார்த்தால் பாரதியே வேதாந்த விளக்கத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறாரே' என்று கேட்டிருக்கிறார். அந்த வரிகள்:

'ஆன்ற தமிழ்ப்புலவீர், கற்பனையே யானாலும்,
வேதாந்த மாக விரித்துப் பொருளுரைக்க
யாதானுஞ் சற்றே இடமிருந்தாற் கூறீரோ?'

தம்பி, அதைச் சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள். 'யாதானும்', 'சற்றே', 'இடமிருந்தால்'. விருந்து முழுக்கச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கும்போது, 'இதுல மருந்துக் குணம் ஏதாச்சும் கொஞ்சம் இருக்குமாங்க?' என்று கேட்கிற தொனி. அதற்கும் ஆன்ற புலவர்கள் நூறு வருஷமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்: குயில் ஜீவன், குரங்கு அலையும் மனசு, மாடு இன்னொன்று. தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த விளக்கத்தில் குரங்கு வெறும் 'மனசு' ஆனதும் அதன் வால் போய்விடுகிறது. வாலுக்குப் போவதெங்கே?

21 ஜூலை

மேலே எழுதியதை விட்டு வேறெங்கோ போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குயில் பெண்ணாக மாறிய இடத்தில் அவள் அழகைச் சொல்ல வார்த்தை இல்லை என்று தடுமாறிவிட்டு, பிரமன் அவள் மேனியை எப்படிச் செய்தான் என்று ஒரு செய்முறை தருகிறார். கவிதை என்ற கனியைப் பிழிந்து, அந்தச் சாற்றில் பண், கூத்து இவற்றின் சாரத்தை ஏற்றி, அமுதைக் கலந்து, 'காதல் வெயிலிலே காயவைத்த கட்டி'.

உரையெழுதுகிறவர்கள் 'கவிதையும் இசையும் நாட்டியமும் சேர்ந்த அழகு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கட்டியை யாரும் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் அத்தை மாம்பழம் மலிந்து கிடக்கும் வருஷத்தில் சாற்றைப் பிழிந்து, வெல்லம் போட்டு, பாயில் ஒரு பூச்சு தடவி மொட்டை மாடியில் வெயிலில் வைப்பார். காய்ந்ததும் அதன் மேலேயே அடுத்த பூச்சு. பத்துப் பதினைந்து நாள் இப்படி. காக்காய் விரட்டுவது என் வேலை, ஈர்க்குச்சியால் ஓரத்தைச் சுரண்டித் தின்பதும் என் வேலைதான். ஆந்திரத்தில் தாண்ட்ரா என்பார்கள். கடைசியில் பாயிலிருந்து உரித்தால் பாயின் பின்னல் அப்படியே அதன் அடியில் பதிந்திருக்கும்.

பாரதி மனதில் இருந்தது இதுவா, பனங்கட்டியா, வேறெதுவோ. ஆனால் மாஞ்சோலையில் நிற்கிறவன் பழத்தைப் பிழிந்து வெயிலில் காயவைத்துத்தான் ஒரு தேவதையைச் செய்கிறான், அடுத்த சில வரிகளில் ஒரு பழைய பாயின் மேல் விழித்துக்கொள்கிறான். எனக்கு அந்தப் பெண் முதுகில் பாய்ப் பின்னல் தெரிகிறது. உரையாசிரியர்கள் மன்னிக்க.

ஆறாம் பகுதியில் வெயிலைச் சொல்லும்போதும் அடுப்படி வாசனைதான். 'தங்க முருக்கித் தழல்குறைத்துத் தேனாக்கி'. தழல் குறைத்து! பாகு காய்ச்சத் தெரிந்தவன் பேச்சு. தீயைக் குறைக்காவிட்டால் முறுகிவிடும்.

28 ஜூலை, இரவு 12.20

ஆறாம் பகுதியை எடுத்ததால் வந்த வினை இது. நாலு நாளாக இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

குரங்கின் மேல் வாளை வீசிய அன்று இவன் வீட்டுக்கு வந்து மூர்ச்சையாகி விழுகிறான். தெளிந்து பார்த்தால் நண்பர்கள் சுற்றி நிற்கிறார்கள், எங்கே போனாய், என்ன ஆயிற்று என்கிறார்கள். இப்போது கேட்காதீர்கள் என்று அனுப்பிவிடுகிறான். அப்புறம்:

'நைந்துநின்ற தாயார்தாம்
உண்பதற்குப் பண்டம் உதவிநல்ல பால் கொணர்ந்தார்'

குடித்துவிட்டுத் தனியே படுத்து, எல்லாவற்றையும் மறந்து தூங்கிவிடுகிறான். எவ்வளவு சாதாரணமான இடம். பேய் இல்லை, பேசும் பறவை இல்லை. கனவுக்குள்ளே கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிற இடம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பாரதியின் தாய் லட்சுமி அம்மாள் அவருக்கு ஐந்து வயதாகும்போது, 1887-இல் இறந்துவிட்டார். பாரதி புதுச்சேரியில் இருந்தது 1908 முதல் 1918 வரை. குயில் பாட்டை 1912 வாக்கில் வைக்கிறார்கள். அதாவது ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவோ எதுவோ, அந்த வீட்டுக்குள் பால் எடுத்துக்கொண்டு வர லட்சுமி அம்மாள் இல்லை. இல்லாமல்போய் இருபத்தைந்து வருஷம்.

மாடனையும் குரங்கனையும் பேய் பேய் என்று பத்துக் குறிப்பு எழுதினேன். இந்தப் பாட்டில் செத்தவர் ஒருவர் திரும்பி வரும் இடம் இதுதான், அதைப் பாட்டு பேய் என்று சொல்லவில்லை. முனிவர் வந்து விளக்கம் கொடுக்கவில்லை. 'விந்தையடா' என்று குயில் பெண்ணானபோது கத்துகிறவன் இங்கே பாலை வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான்.

எங்கள் அம்மா போய் ஒன்பது வருஷம். கனவில் வருவார். ஒரு தடவைகூட நான் 'நீ எப்படி இங்கே' என்று கேட்டதில்லை. புளி கரைத்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் கேஸ் புக் பண்ணியாச்சா என்பார். நானும் பண்ணிவிட்டேன் என்பேன். விழித்த பிறகுதான் எல்லாம்.

28 ஜூலை, காலை 8.00

ராத்திரி எழுதியதற்கு மூன்று பேர் ஒரே ஆட்சேபம்: கதைசொல்லிதான் பாரதி என்று யார் சொன்னது? நியாயமான கேள்வி. 'தாயார்' ஒரு பாத்திரமாக இருக்கலாம். அப்பாவின் இரண்டாம் மனைவியைக் குறிப்பதாகவும் இருக்கலாம், பாரதியின் அப்பா மறுமணம் செய்துகொண்டவர். காவியத்தில் நாயகனுக்குத் தாய் இருப்பது வழக்கம் என்றும் தள்ளிவிடலாம்.

மேலே எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தபோது ஒன்றைப் பார்த்தேன். யோசிக்காமலே பாரதிக்கு 'சொல்கிறார்' என்றும், சோலைக்குப் போகிறவனுக்கு 'போகிறான்' என்றும் எழுதிவந்திருக்கிறேன். ஆக எனக்கும் உள்ளுக்குள் இரண்டு பேர் என்றுதான் இருந்திருக்கிறது. பழம்பாயில் விழித்துக்கொள்கிற இடம் வரைக்கும். அங்கே சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் குவியல். அது யார் வீடு என்று எல்லாருக்கும் தெரியும். 'ஆன்' 'ஆர்' ஆகும் இடம் அதுதான். விழித்த வீட்டில் பாய் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, தாயார் இல்லை. கனவு வீட்டில் இருந்தவர், நிஜ வீட்டின் பட்டியலில் இல்லை. இதற்குமேல் நான் நிரூபிக்கப்போவதில்லை.

30 ஜூலை

காலை, பகல், மாலை குழப்பத்துக்கு ஒரு துப்பு கிடைத்தது. ஞானரதம் எப்படி ஆரம்பிக்கிறது? அது உரைநடை, அதுவும் ஒரு கனவுப் பயணம்தான், 1910-இல் நூலாக வந்தது. 'பின்மாலைப் பொழுதிலே' திருவல்லிக்கேணி வீரராகவ முதலி தெருவில் ஒரு வீட்டு மேல்மாடம், கடல் பக்கம் சாளரம் திறந்திருக்கிறது, காற்று வாங்கிக்கொண்டு மஞ்சத்தில் படுத்திருக்கிறார். அங்கிருந்துதான் ரதம் கிளம்புகிறது.

அங்கேயும் மாலை, மாடம், கடல்காற்று, படுக்கை. இங்கேயும் கடைசியில் மாலை, நாலாம் நாள் மாடம், முதல் வரியில் கடல், கடைசியில் பாய். மனுஷனுக்குச் சாயங்காலம் படுத்தால் கனவு வரும்போல. மஞ்சம் மட்டும் புதுச்சேரிக்கு வருவதற்குள் பழம்பாய் ஆகிவிட்டது.

'பட்டப் பகலிலே' என்பதை என்ன செய்வது? படுத்தது பகல், விழித்தது மாலை என்று வைத்துக்கொள்ளலாம். மத்தியானம் மூன்று மணிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுந்தவனுக்குத் தெரியும், அந்த நேரத்தில் விழித்தால் இது காலையா மாலையா என்று இரண்டு நிமிஷம் பிடிபடாது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று பல் தேய்க்க ஓடியிருக்கிறேன். நாலு நாளும் காலையாகவே இருந்ததற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

2 ஆகஸ்ட், இரவு 8.45

மாம்பழப் பாயைப் பற்றி எழுதினேனே, அந்த அத்தை ஊரிலிருந்து வந்திருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, கண் சரியில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் முழுப் பாட்டையும் படித்துக்காட்டினேன். குரங்குக்கு நன்றாகச் சிரித்தார். மாடனும் குரங்கனும் பேயானதற்கு 'ஆகத்தான் செய்வானுங்க, வெட்டுப்பட்டுச் செத்தவனுங்கல்ல' என்றார். பால் வந்த இடத்தில், 'குடிச்சானா?' என்று நிறுத்திக் கேட்டார். குடிச்சான் அத்தை, அதுக்கப்புறம்தான் தூங்கினான் என்றேன். சரி, மேல படி என்றார்.

கடைசிவரை கேட்டுவிட்டு வேதாந்தம் எதுவும் சொல்லவில்லை. 'வடக்க தலை வச்சுப் படுத்திருப்பான்' என்றார்.

போய்ப் பார்த்தேன். பாய் எந்தத் திசையில் கிடந்தது என்று பாட்டில் இல்லை.